பெயர்த்தெழுதும் கடமை

(மெரிலேண்ட்ஸில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பேசத் தொடங்குமுன், நாம் கூடியிருக்கும் இந்நிலத்தின் ஆதிக்குடிகளாகிய தாரக் மக்களையும் அவர்தம் முன்னோரையும் வணங்குகின்றேன். இந்நாட்டுக் கூட்டங்களில் இவ்வணக்கம் ஒரு சம்பிரதாயமாகிவிட்டதெனினும், இன்றைய விஷயத்துக்கு அது நேரே உரியது. 1788இல் முதற் கப்பற்கூட்டத்தோடு இக்கரையில் வந்திறங்கிய வில்லியம் டாஸ் என்னும் இளம் இராணுவ அதிகாரி, பட்டியகராங் என்ற இளம்பெண்ணிடம் இந்தச் சிட்னி வட்டாரத்து மொழியைக் கேட்டுக் கேட்டு, அவள் சொல்லிய சொற்களையும் சிறு வாக்கியங்களையும் தன் குறிப்பேடுகளில் எழுதி வைத்தான். அக்குறிப்பேடுகள் கடல் கடந்து சென்று, லண்டன் மாநகரில் ஒரு கல்லூரி நூலகத்தில் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்து, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் கண்டறியப்பட்டு, இன்று பக்கம் பக்கமாகப் படம் பிடிக்கப்பெற்று எவரும் காணுமாறு இணையத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த மொழியை மீண்டும் கற்க விழையும் இம்மண்ணின் மக்கள், தம் பாட்டியர் பேசிய பேச்சைத் தேடி அக்கையெழுத்தை நாடுகின்றனர். ஒரு சமூகத்தின் வாய்மொழி, எவனோ ஒருவன் எழுதி வைத்த ஒரே ஒரு பிரதியின் தயவில் உயிர் வைத்திருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நடுங்குகின்றது.

மெரிலேண்ட்ஸ் என்னும் இப்பெயர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு நிலம் வாங்கிக் குடியேறிய ஆர்தர் ஹொல்ராய்ட் என்பவர், இங்கிலாந்தில் தாம் வாழ்ந்த இல்லத்தின் பெயரை இவ்விடத்துக்கு இட்டதனால் வந்தது. விட்டு வந்த வீட்டின் பெயரைச் சுமந்து வந்து புது மண்ணில் நடுவது நமக்கும் புதிதன்று; வென்ற்வேர்த்வில் முதல் பெண்டில் ஹில் வரை எத்தனையோ வாயிற்கதவுகளில் நம் கிராமங்களின் பெயர்களை நான் படித்திருக்கிறேன். ஊரை விட்டுப் பெயர்ந்தோம் என்கிறோம். ஏட்டைப் பார்த்து மற்றோர் ஏட்டில் எழுதுவதையும் நம் முன்னோர் பெயர்த்தெழுதுதல் என்றே சொன்னார்கள். இவ்விரண்டு பெயர்தல்களுக்கும் இடையே உள்ள உறவைப் பற்றியே, அதாவது ஊர் பெயர்ந்த ஒரு கூட்டத்தார் தம் ஏடுகளைப் பெயர்த்தெழுதாவிட்டால் என்ன நேரும் என்பதைப் பற்றியே, இன்று மாலை உங்களோடு பேச விரும்புகிறேன்.

நூலகம் என்பது அரசாங்கம் தானே விரும்பி வழங்கும் வரமென்று நினைத்துக்கொள்பவர்கள் நம்மிடையே உண்டு. இந்த மாநிலத்தின் சரித்திரம் அவ்வாறில்லை. 1935இல், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர நூலகராகிய ரால்ப் மன் என்பவரும் விக்டோரியாவின் நூலகராகிய எர்னஸ்ட் பிட் என்பவரும் சேர்ந்து, ஆஸ்திரேலிய நூலகங்களின் பரிதாப நிலையைத் தயவு தாட்சணியமின்றி எடுத்துரைத்த பின்னரே, குடிமக்கள் இலவச நூலக இயக்கம் ஒன்றைத் தொடங்கி, ஊர் ஊராகப் பேசி, 1939இல் நியூ சவுத் வேல்ஸ் நூலகச் சட்டத்தைப் பெற்றார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1948இல், சென்னை மாகாணம் தன் பொது நூலகச் சட்டத்தை இயற்றி, சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் வாழ்நாளெல்லாம் கண்ட கனவுக்கு ஓர் உருவம் கொடுத்தது. இங்கே மில்லர் வீதியிலுள்ள நூலகத்துக்குள் நம் பேரக்குழந்தைகள் காசு கொடாமல் ஓடி நுழைவதற்கு அந்தப் போராட்டமே காரணம். 2024 மே மாதத்தில் இந்தக் கம்பர்லாந்து நகரசபை ஒருபாற் பெற்றோரைப் பற்றிய நூல்களை நூலகங்களிலிருந்து அகற்றத் தீர்மானித்ததையும், இரு வாரங்களுக்குள் அத்தீர்மானத்தைத் தானே மாற்றிக்கொண்டதையும் நீங்கள் பத்திரிகைகளிற் படித்திருப்பீர்கள். அந்நூல்களைப் பற்றி அவையோர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் அபிப்பிராயம் இருக்கலாம். எனக்கு உள்ள அபிப்பிராயம், ஒரு நூலை அலமாரியிலிருந்து நீக்கும் அதிகாரத்தைப் பெரும்பான்மை வாக்கிடம் கொடுப்பதற்கு இவ்வுலகில் வேறெவர் உடன்பட்டாலும் நாம் உடன்படலாகாது என்பதே. அதற்குக் காரணம் நான் அடுத்துச் சொல்லப் போவது.

யாழ்ப்பாணத்தில் கிராமந்தோறும் வாசிகசாலை இருந்த காலம் இங்குள்ள மூத்தோர்க்கு ஞாபகமிருக்கும். மாலையில் வயல் வேலை முடித்து வந்தவர் சால்வையைத் தோளிற் போட்டுக்கொண்டு, ஈழகேசரியையோ வீரகேசரியையோ ஒருவர் உரக்க வாசிக்கப் பலர் கேட்டிருந்த திண்ணைகள் அவை. அந்த மண்ணிலே, நீதிமன்ற உத்தியோகத்தராயிருந்த க. மு. செல்லப்பா என்னும் பெருந்தகை, 1933இல் தம் இல்லத்திலேயே இலவச நூல்நிலையம் ஒன்றைத் திறந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி, ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில், 844 நூல்களோடு அது பொது நூலகமாயிற்று. எண்ணூற்று நாற்பத்து நான்கு நூல்கள்; இன்று இந்தச் சபையிலுள்ள இரண்டு மூன்று வீட்டு அலமாரிகளைச் சேர்த்தால் அத்தனை நூல்கள் கிடைத்துவிடும். அச்சிறு வித்திலிருந்து, ரங்கநாதனின் ஆலோசனையும் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடமும் பெற்று, ஊரார் பணமும் உழைப்பும் சேர்ந்து, 1959இல் அந்த வெண்ணிற மாளிகை எழுந்தது. வாயிலில் வீற்றிருந்த சரஸ்வதியை வணங்கிவிட்டு, செருப்பின் ஓசை கேளாதபடி மெல்ல நடந்து உள்ளே போன மாணவர்களில் நானும் ஒருவன். மின்விசிறியின் கீழ் அமர்ந்து நான் அங்கே படித்தவற்றிற் பாதி இன்று மறந்துவிட்டது. அந்த மண்டபத்து அமைதி மறக்கவில்லை.

1981 மே 31ஆம் தேதி இரவு தொடங்கி ஜூன் 1ஆம் தேதி விடிவதற்குள், ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் தீக்கிரையாக்கப்பட்டன. பன்மொழிப் புலவராகிய தாவீது அடிகள், தம் இருப்பிடத்தின் மாடியிலிருந்து அத்தீயைக் கண்டு, அந்த அதிர்ச்சியிலேயே உயிர் துறந்தார். இதனைப் பற்றி நாற்பதாண்டுகளுக்கு மேலாக நாம் பேசியும் எழுதியும் அழுதும் வந்திருக்கிறோம். அந்த அழுகை நியாயமானது. ஆனால் அந்த இழப்பின் தன்மையைச் சற்று நிதானமாகப் பகுத்துப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டதென்று எனக்குத் தோன்றுகிறது.

எரிந்தவற்றுள் அச்சு நூல்கள் பலவற்றுக்குச் சென்னையிலோ கொழும்பிலோ லண்டனிலோ வேறு பிரதிகள் இருந்தன. அவற்றை நாம் மீண்டும் பெற்றோம், இன்னும் பெறுவோம். மீளாதவை, வேறெங்கும் பிரதியில்லாத ஓலைச் சுவடிகளும் கையெழுத்துப் படிகளும் சிற்றூர்ப் பத்திரிகைகளுமே. யாழ்ப்பாண வைபவமாலையின் பழைய சுவடியும் அங்கே அழிந்ததென்பர். மயில்வாகனப் புலவர் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றிய அந்நூலை நாம் இன்றும் படிக்கிறோமென்றால், 1879இலேயே பிரிட்டோ என்பவர் அதனை ஆங்கிலமாக்கி வெளியிட்டமையும், பின்னர் தமிழ் மூலம் பலமுறை அச்சேறியமையுமே காரணம். சுவடி எரிந்தது, நூல் எரியவில்லை. அச்சேறாது ஒரே பிரதியாய் அருகிலிருந்த மற்றச் சுவடிகளுக்கோ சுவடியும் நூலும் ஒருங்கே போயின.

நம் முன்னோர் இதனை அறியாதவர்களல்லர். பனையோலைக்கு ஆயுள் அற்பம்; கரையானும் ஈரமும் அதனை இரண்டு மூன்று நூற்றாண்டுக்கு மேல் விட்டுவைப்பதில்லை. ஆகவே சங்கச் செய்யுட்கள் நமக்குக் கிடைத்திருப்பது, பழைய ஓலைகளை யாரோ பூட்டிக் காத்ததனால் அன்று. தலைமுறைக்கொருவர் உட்கார்ந்து, எழுத்தாணி பிடித்து, ஏட்டைப் பெயர்த்தெழுதியதனாலேதான். அவ்வாறு எழுதியவர், இறுதி ஏட்டில் இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்ன நாளில், இன்னார் மகன் இன்னான் எழுதி முடித்தான் என்று குறித்து வைத்தார். பெயர்த்தெழுதும் வேலை நின்றுபோன இடங்களில், சுவடிகள் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயின. வேள்வித் தீயில் ஆகுதியாயின. 1887ஆம் ஆண்டு என்னைப் பொறுத்தவரை ஒரு புண்ணிய வருஷம்: அவ்வொரே ஆண்டில் உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணியும், நம் சிறுப்பிட்டியிற் பிறந்து சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகிய சி. வை. தாமோதரம்பிள்ளையின் கலித்தொகையும் அச்சில் வெளிவந்தன. அவர்கள் இருவரும் செய்தது, ஒரு பிரதியை ஆயிரம் பிரதியாக்கி அயலூராருக்குக் கொடுத்துவிட்டதே.

அதே கைங்கரியம் நம் கண்முன்னே வேறு கருவிகளால் நடக்கிறது. 1998 தைப்பொங்கலன்று, ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் இரசாயன ஆய்வாளராயிருந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ஜுனனும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். தமிழ் எழுத்தைக் கணினித் திரையிற் காட்டுவதே பெரும்பாடாயிருந்த அந்நாளில், தேசந்தோறும் சிதறிக் கிடந்த தன்னார்வலர்கள், இரவு உணவுக்குப் பின் உட்கார்ந்து, ஒருவர் தட்டச்சிட, மற்றொருவர் பிழை பார்க்க, ஒவ்வொரு நூலாக இணையத்தில் ஏற்றினார்கள். ஊதியமில்லை, பட்டமில்லை, ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் தட்டச்சிட்டவர் பெயரும் பிழை திருத்தியவர் பெயரும் மாத்திரம் இருக்கும். ஓலையின் இறுதியிற் கண்ட அதே வழக்கம்.

2005இல் ஈழத்து இளைஞர் சிலர் தொடங்கிய நூலகம் திட்டம், நான் இன்று மிகவும் வற்புறுத்திப் பேச விரும்புவது. ஈழத்துத் தமிழ் எழுத்து அனைத்தையும் மின்படியாக்கி எவரும் இலவசமாய்ப் படிக்குமாறு திறந்து வைப்பது அதன் நோக்கம். அதன் தளத்தில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு நூலக எண் உண்டு; அதன் கீழ் ஆசிரியர், வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் என்று விவரங்கள் வரிசையாய் நிற்கும்; அதன் கீழ் ‘வாசிக்க’ என்ற சொல். அந்த ஒரு சொல்லைக் காணும்போது, சால்வையைத் தோளிற் போட்டுக்கொண்டு வாசிகசாலைத் திண்ணையில் வந்தமர்ந்த கமக்காரர் ஒருவர் என் நினைவில் வருகிறார். பல பதினாயிரம் ஆவணங்கள் அங்கே சேர்ந்துவிட்டன. 1934இல் 844 நூல்களை ஓர் அறையில் அடுக்கியபோது செல்லப்பா அவர்களுக்கு இருந்த மனோதைரியமே, ஒரு மேசையும் ஒரு வருடியும் வைத்துக்கொண்டு இதனைத் தொடங்கியவர்களுக்கும் இருந்திருக்க வேண்டும். சிட்னியில் வெளிவந்த கலப்பை இதழைத் தேடி நான் போனது என் நண்பர் வீட்டுக்கு அன்று, அந்தத் தளத்துக்கே.

எதைச் சேர்ப்பது என்ற கேள்வியில் நம்மவர் பெரிதும் தடுமாறுகிறார்கள். காவியங்களையும் பேரறிஞர் நூல்களையும் காப்பது கடமையென்று எல்லோரும் ஒப்புக்கொள்வர். கலியாண அழைப்பிதழையும் நாடக நோட்டீசையும் காக்க வேண்டுமென்றால் புன்னகை செய்வர். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராயிருந்த ரோஜா முத்தையா செட்டியார், பழைய நூல்களோடு அவ்வாறான துண்டுக் காகிதங்களையும் வீடு நிறையச் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் காலமான பின், சிகாகோ சர்வகலாசாலை அத்தொகுதியை வாங்கி, அதனைக் கடல் கடத்திக்கொண்டு போகாமல், சென்னையிலேயே 1994இல் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிலைநாட்டியது. இன்று தமிழ் நாடகம், இசைத்தட்டு, அச்சுத் தொழில், ஜாதிச் சங்கங்கள் முதலியவற்றின் சரித்திரத்தை எழுத முனையும் எவரும் அந்நூலகத்தின் படியேறாமல் எழுத முடியாது.

நம் வீடுகளிலே அவற்றுக்கு நிகரான ஒரு செல்வம் இருக்கிறது. இறந்தோரின் முப்பத்தோராம் நாளில், அந்தியேட்டியன்று, நாம் வெளியிடும் நினைவு மலரைச் சொல்கிறேன். கல்வெட்டு என்று அதனை ஊரிலே அழைப்போம். மேலட்டையில் படம், உள்ளே தேவாரமும் திருவாசகமும், அதன்பின் வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, இறுதியில் நன்றி நவிலல். தேவாரத்துக்காக எவரும் அதனை வைத்துக்கொள்வதில்லை. எறிந்துவிடவும் மனம் வருவதில்லை. ஆகவே அது சுவாமி அறையின் கீழ்த்தட்டில் கட்டுக்கட்டாய்க் கிடக்கும். எந்தக் கிராமத்தில் எந்தப் பள்ளிக்கூடம் யாருடைய காணியில் எழுந்தது, மலாயாவுக்கு எந்தக் குடும்பத்தார் ரயில்வே உத்தியோகத்துக்குப் போனார்கள், எந்தக் கோயிலின் எந்தத் திருவிழா எந்த வீட்டாரின் உபயம் என்ற செய்திகள், அரசாங்கப் பதிவேடுகள் தொலைந்துபோன ஒரு நாட்டில், இந்த மலர்களிலேதான் உயிரோடிருக்கின்றன. 1983 கலவரத்துக்குப் பின் அவை அச்சானது யாழ்ப்பாணத்தில் மாத்திரமன்று. சிட்னியிலும் மெல்போர்னிலும் டொரொன்டோவிலும் லண்டனிலும். ஒரு மலருக்கு முந்நூறு பிரதி அச்சிட்டால் அதிகம். அதில் ஒரு பிரதியேனும் ஒரு பொது இடத்தில் சேர்ந்ததா என்று நாம் யோசித்ததுண்டா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாட் காலை நடைப்பயிற்சிக்குப் போயிருந்தேன். நகரசபை பழம்பொருள்களை அள்ளிச் செல்லும் ‘கிளீன்-அப்’ வாரம் அது. வீதியோரப் புல்தரையில் கால் உடைந்த நாற்காலி, மெத்தை, பழைய தொலைக்காட்சிப் பெட்டி இவற்றின் நடுவே ஓர் அட்டைப் பெட்டி. முந்தின இரவு மழையில் நனைந்து ஒரு பக்கம் பிளந்திருந்தது. உள்ளே தமிழ் நூல்கள். மேலே கிடந்த சிறுகதைத் தொகுதியின் முதற்பக்கத்தில், தன் மாணவனுக்கு ஆசிரியர் ஒருவர் 1960களில் அழகிய கையெழுத்தில் ஆசி எழுதியிருந்தார். வீட்டுக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தகப்பனார் போய்விட்டார், பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரியாது, வீடு விற்பனைக்கு வந்துவிட்டது, அவர்கள் யாரிடம் கேட்பார்கள்? நான் அப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வெயிலிற் காயவைத்தேன். பாதி நூல்களின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. யாழ்ப்பாணத்துத் தீயைப் பற்றி நான் மேடைகளிற் பேசியிருக்கிறேன். என் வீதியில் பெய்த மழையைப் பற்றி இன்றுதான் பேசுகிறேன்.

மழையில் நனையாமலே அழிந்துபோகும் ஏடுகளும் உண்டு. 1990களில் இந்நாட்டில் வெளிவந்த நம் விழா மலர்களும் சங்க அறிக்கைகளும் பெரும்பாலும் பாமினி என்னும் எழுத்துருவில் தட்டச்சிடப்பெற்றன. ரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவங்களை வைத்த ஒரு தந்திரம் அது. மெய்யெழுத்தின் புள்ளிக்குக் கூட ஆங்கிலத்து அரைப்புள்ளியின் இடமே கொடுக்கப்பட்டிருந்தது. அன்று அது பெரிய உபகாரம். இன்று அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால், அரைப்புள்ளிகள் தெறித்த அர்த்தமற்ற ரோமன் எழுத்துக் குவியலே தோன்றும். நம் பேரப்பிள்ளை அதனைப் பழுதடைந்த கோப்பென்று அழித்துவிடுவான். அழிக்க வேண்டியதில்லை; பாமினியை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவசரம் வேறிடத்தில் இருக்கிறது: அக்கோப்புகள் இருக்கும் பிளாப்பி வட்டுகளின் காந்தப் பூச்சு நாளுக்கு நாள் தேய்கிறது, அவற்றைப் படிக்கும் கருவியும் அரிதாகிவிட்டது.

அச்சுப் பக்கத்தைப் படம் பிடித்தால் வேலை முடிந்ததென்றும் எண்ணலாகாது. படம் வெறும் படம். அதிலுள்ள சொல்லைத் தேட வேண்டுமானால், இயந்திரம் அதனை எழுத்தெழுத்தாய் உணர்ந்து உரையாக்க வேண்டும். எழுத்துணரியாக்கம் என்று நூலகம் திட்டத்தார் அதற்கு அழகிய பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய அச்சில் ரகரமும் காலும் ஒரே வடிவம். ணை, லை, னை முதலியன கொம்பு வளைந்த பழைய உருவங்கள். ஆகவே இயந்திரம் தடுக்கி விழும், மனிதக் கண் துணை செய்ய வேண்டும். ஆஸ்திரேலிய தேசிய நூலகம் 2009இல் தொடங்கிய ட்ரோவ் என்னும் தளத்தில், 1803இல் வெளிவந்த சிட்னி கெசட் முதலாகப் பழம் பத்திரிகைகள் திறந்து கிடக்கின்றன; இயந்திரம் தவறாய்ப் படித்த வரிகளை ஓய்வுபெற்றோரும் மாணவரும் தத்தம் வீட்டிலிருந்தே திருத்துகிறார்கள். தமிழுக்கும் அதனைச் செய்யலாம். தாத்தாவுக்குப் பழைய எழுத்துத் தெரியும், பேத்திக்குக் கணினி தெரியும். ஒரு வீட்டிலே இவ்விருவரும் சேர்ந்து உட்கார இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

கணினியில் ஏற்றிவிட்டால் நித்தியமாகிவிடும் என்பது ஒரு மயக்கம். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளைக் கொள்ளையர் முடக்கிப் பணம் கேட்டனர். அந்நூலகத்தின் பட்டியல் தானும் 2024 ஜனவரி வரை மக்களுக்குக் கிட்டவில்லை. அழிவுக்கு இலக்கான ஆவணங்களுக்கென்று அந்நூலகம் நடத்தும் திட்டத்தின் கீழ் படமாக்கப்பட்ட பல தேசத்துச் சுவடிகள் மாதக்கணக்கில் கண்ணிலிருந்து மறைந்தன. ஓராண்டு கழித்து, 2024 அக்டோபரில், அமெரிக்காவின் இன்டர்நெட் ஆர்க்கைவும் தாக்கப்பட்டுச் சில நாட்கள் மூடிக் கிடந்தது. தீயிட வராமலே ஒரு நூலகத்தைப் பட்டினி போட்டும் அணைக்கலாம்: 2023 தொடக்கத்தில் ட்ரோவுக்கு அந்த ஜூன் மாதத்துக்குப் பின் பணமில்லையென்ற நிலை வந்தது. மக்கள் குரல் எழுப்பிய பின்னரே, அரசாங்கம் நான்கு ஆண்டுகளுக்கு 3.3 கோடி டாலரும், அதன்பின் ஆண்டுதோறும் 92 லட்சம் டாலரும் ஒதுக்க முன்வந்தது. ஆகவே நூலகம் திட்டத்தின் தளத்தில் ஏற்றியதோடு நம் கடமை தீர்ந்ததென்று கருதாமல், அதே கோப்பை இன்னும் இரண்டு மூன்று இடங்களில், வெவ்வேறு தேசங்களில், வெவ்வேறு கைகளில் வைத்தல் வேண்டும்.

அவற்றுள் ஒன்று நம் காலடியிலேயே இருக்கிறது. நம்மவரிற் பலர் அதனை அறியார். இந்நாட்டில் வெளியிடப்பெறும் எந்நூலாயினும், எம்மொழியாயினும், ஒரு பிரதியை வெளியான ஒரு மாதத்துக்குள் கான்பராவிலுள்ள தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டுமென்பது சட்டம். 2016 முதல் மின்னூல்களுக்கும் அது பொருந்தும். இம்மாநிலத்து நூலாயின் மாநில நூலகத்துக்கும் ஒரு பிரதி சேர வேண்டும். சங்க விழா மலரும், தமிழ்ப் பள்ளி ஆண்டு மலரும், நம் கவிஞர் கைக்காசில் அச்சிட்ட கவிதைத் தொகுதியும் இதில் அடங்கும். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், வீட்டில் தமிழ் பேசுவதாக இந்நாட்டில் 95,000க்கு மேற்பட்டோர் எழுதினார்கள். எஸ். பொன்னுத்துரை இந்தச் சிட்னியில் வாழ்ந்து 2014இல் இங்கேயே மறைந்தார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலே மேனாட்டு மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீனின் சரிதத்தைத் தேடித் தந்த கவிஞர் அம்பியும் இங்கேயே வாழ்ந்தார். இத்தனை பேர் வாழ்ந்து எழுதிய ஒரு தேசத்தின் தேசிய நூலகத்திலே நம் சுவடு குறைவாயிருந்தால், அதற்கு நாம் பிறரை நோவதற்கில்லை.

திறந்து வைப்பது என்றவுடன் சிலர் முகம் சுளிப்பதை அறிவேன். ஆசிரியன் உழைப்பு வீணாகுமே என்று அஞ்சுகிறார்கள். 1949இல் சென்னை அரசாங்கம் பாரதியின் எழுத்துக்களை நாட்டுடைமையாக்கியபோது பாரதி சிறுமைப்பட்டாரா? வீட்டுக்கு வீடு அவர் சென்றது அதன்பின்னர்தான். ஆயினும் உயிரோடிருக்கும் ஆசிரியரின் அனுமதியின்றி அவர் நூலைத் திறப்பது திருட்டு. இந்நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுவரை உரிமை அவர் வாரிசுகளுடையது. எனவே கேட்டுப் பெற வேண்டும். எழுத்திற் பெற வேண்டும். ஒரு பக்கக் கடிதம் போதும். அதில் ஒரு கையெழுத்து. நம் எழுத்தாளர்கள் உயிரோடிருக்கும்போதே அக்கையெழுத்தை வாங்காமல், பின்னர் நான்கு தேசங்களிலுள்ள ஐந்து பிள்ளைகளைத் தேடி அலைகிறோம். நினைவு மலர்களிலோ வேறொரு ஜாக்கிரதை தேவை: வம்சாவளியில் உயிரோடிருப்போர் பெயரும் இருப்பிடமும் இருக்கும், அப்பகுதியை மூடி வைத்து, மற்றதைத் திறக்கலாம்.

இனி, வந்த காரியம். வாயிலருகே தேநீர் வைத்திருக்கும் மேசையின் பக்கத்தில் இளைஞர் இருவர் ஒரு வருடியோடு அமர்ந்திருக்கிறார்கள். நீங்கள் கொண்டு வந்திருக்கும் மலர்களை அவர்கள் இன்றே படம் பிடித்து, உங்கள் கையிலேயே திருப்பித் தருவார்கள். ஒன்றே வேண்டுகிறேன்: எழுந்து போய்விடாமல், அவர்கள் பக்கத்திலே கால் மணி நேரம் உட்காருங்கள். யார், எங்கே, எந்த ஆண்டு என்று அவர்கள் கேட்பார்கள். அவர்களுக்குத் தெரியாத அந்த விவரங்கள் உங்களிடம் மட்டுமே இருக்கின்றன.

முதலாவதாக அவர்கள் படம் பிடித்தது என் தந்தையாரின் நினைவு மலர். அதன் இருபத்து நான்காம் பக்கத்தில், எங்கள் ஊர் வாசிகசாலையின் ஆண்டு விழாவில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. நாற்காலியில் நால்வர், பின்வரிசையில் எழுவர். ஒன்பது பேரின் பெயரை என் தாயார் சொல்ல நான் எழுதி வைத்தேன். மற்ற இருவரின் பெயரைக் கேட்பதற்குள் அவர் போய்விட்டார். அப்படத்தைப் பெரிதாக்கி மேசையில் ஒட்டியிருக்கிறோம். தென்மராட்சிப் பக்கத்தவர் எவரேனும் இருந்தால் தயவுசெய்து சற்று நின்று பாருங்கள். நிற்பவர்களில் இடமிருந்து மூன்றாமவரும் கடைசியிலிருப்பவரும். மூன்றாமவர் மூக்குக் கண்ணாடி அணிந்து, ஒரு நூலை மார்போடு அணைத்துப் பிடித்திருக்கிறார். அந்த நூலின் பெயரும் எங்களுக்குப் புலப்படவில்லை.